நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் தையல்காரர்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த தையல்காரரைக் காணோம். அவர் இடத்தில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அச்சகத்திலிருந்து புரூஃப் பார்க்க வந்த, அவர் எழுதிய புத்தகத்தின் தாள்கள் அவை. தையல்காரரோடு மேம்பாலத்தடிக் கடையும் போயிருந்தது. நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால், பள்ளி ஆசிரியை நூலகராகியிருந்தார்.

ஆறு வருஷ உழைப்பு அது. அரசாங்கம் 'அந்நியச் சொற்கள்' என்று ஒரு பட்டியல் வெளியிட்ட பிறகு முஸ்லிம்களின் பேச்சு எப்படி மாறியது என்ற ஆராய்ச்சி. எந்தச் சொல்லுக்கும் தடை கிடையாது. ஆனால் ஆபீஸ் போனில் ஸலாம் சொன்ன ஒருவருக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் ஜனங்கள் தாங்களாகவே வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தத் தையல்காரர் வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் போனில் பேசும்போது, 'இன்ஷா அல்லாஹ்' வர வேண்டிய இடத்தில் ஓர் இருமல் இருமுவார். மகளும் அங்கிருந்து இருமுவாள். பேராசிரியர் இதை மூன்று மாநாடுகளில் சொல்லி, மூன்றிலும் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"இதுக்குப் பேர்தான் தணிக்கை," என்றார் மனைவியிடம். "அதுவும் என் புத்தகத்திலேயே."

சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சண்டை போடலாமே என்றார் மனைவி. வயிறு நிறைந்தால் கோபம் இறங்கிவிடுமோ என்று பேராசிரியருக்குப் பயம். அப்படியே கிளம்பிவிட்டார். மாணவர்கள் அவருக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தன் சொல்வளத்துக்காக வைத்தது என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். மனைவி அந்த நம்பிக்கையில் கை வைக்கவில்லை.

அச்சகத்தில் முதலாளி இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் கம்போஸ் செய்கிற அம்மாள் மட்டும் இருந்தார். விசிட்டிங் கார்டு அடிக்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். கேட்க ஆள் இருப்பதைப் பார்த்ததும் பேராசிரியருக்கு வேகம் கூடியது.

கால் மணி நேரம் பேசினார். சர்வாதிகாரம் முதலில் சொற்கள் மேல்தான் கை வைக்கும், அப்புறம் போலீஸ்கூடத் தேவையில்லை, பயந்தவர்களே ஒருவர் வாயை ஒருவர் பொத்திவிடுவார்கள் என்றார். இந்த அச்சகத்தில் நடந்திருப்பதும் அதுதான் என்றார். இதையும் இரண்டாம் பதிப்பில் அடிக்குறிப்பாகச் சேர்க்கப்போவதாக எச்சரித்தார். முதல் பதிப்பே இன்னும் வரவில்லை.

அந்த அம்மாள் கார்டுக்காரர்களை அரை மணி கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு முன்னுரைத் தாளை எடுத்து மேஜையில் வைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

'என்னை நம்பிப் பேசியவர்கள் எவரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.'

"நீங்க எழுதினதுதானே, சார்?"

"ஆமா. எல்லாருக்கும் பேரை மாத்தியிருக்கேனே."

"பேரை மாத்தினீங்க. மேம்பாலத்தடியில கடை, இடது கையால துணி வெட்டுறவர், ஒரே மக வெளிநாட்டுல நர்ஸு, எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கு. நான் அவர்கிட்டதான் துணி தைக்கக் குடுக்கிறேன். ரெண்டாவது வரியிலேயே ஆளைத் தெரிஞ்சுபோச்சு எனக்கு. தேடிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?"

பேராசிரியர் அந்த வரியை மறுபடி படித்தார். மாநாட்டு மேடைகள் ஞாபகத்துக்கு வந்தன. இருமலை மட்டுமா சொன்னார்? ரசிக்கிறார்களே என்று பாலத்தையும் இடது கையையும் சேர்த்துத்தான் சொன்னார். முன்வரிசையில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு முகமும் நினைவில் இல்லை. கைதட்டல்தான் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

"போன் பண்ணலாம்னு எடுத்தேன், சார். போனை யார் வேணாலும் ஒட்டுக்கேக்கலாம்னு நாலாவது அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. வெச்சிட்டேன். புரூஃப் பாத்தா எப்படியும் சண்டைக்கு நேர்ல வருவீங்கன்னு தெரியும்."

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் மற்ற பக்கங்களைப் பார்த்தார்கள். பேராசிரியரிடம் பேசியவர்கள் பதினேழு பேர். அதில் பதினொரு பேரை, வாசல் வரைக்கும் வழி சொல்லாத குறையாகக் காட்டிக்கொடுத்திருந்தார். ஒவ்வொருவராக வேறு தெருவில் குடிவைத்து, வேறு வேலையில் சேர்த்தார்கள். வாழ்நாளில் இத்தனை பேருக்குத் தான் வேலை வாங்கிக் கொடுத்ததில்லை என்றார் பேராசிரியர். அந்த அம்மாள் அப்போதுதான் சிரித்தார்.

சாயங்காலமே தையல்காரரைப் பார்த்து மாநாட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். எந்த முகத்தோடு போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

கிளம்பும்போது பேராசிரியருக்கு மனசு இளகிவிட்டது. நன்றி சொல்கிற பக்கத்தில் முதல் ஆளாக இந்த அம்மாளைப் போட்டே தீர வேண்டும். எத்தனையோ வருஷமாக வந்துபோகிற இடம், இவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இப்போது கேட்டார்.

"வேணாம், சார்."

பேராசிரியருக்குச் சட்டென்று புரிந்தது. இவ்வளவு சீக்கிரம் பாடம் படித்துவிட்டோமே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "சரிம்மா, பேரே வேணாம். 'இந்தப் புத்தகத்தைக் கம்போஸ் செய்த பெண்மணிக்கு நன்றி'ன்னு மட்டும் போட்டுடறேன்."

அந்த அம்மாள் அவர் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி மூடினார்.

"இந்த ஊர்ல கம்போஸ் பண்ற பொம்பளை நான் ஒருத்திதான், சார்."