பாரம் தூக்கினவள்

மார்புக்குக் கீழே தனக்கு உடம்பு இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துவிட்டு, முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு, இந்தப் பக்கம் ஒரு தலை இருப்பதே மறந்துபோயிற்று.

“எந்த மடையன் தைச்சான் இதை? சாக்கு மூட்டையக்கூட இதைவிட நெருக்கமா தைப்பாங்க” என்றார் பெரிய டாக்டர்.

அவளுக்குக் காது குளிர்ந்தது.

நான்கு வருடத்துக்கு முன் கருப்பையை எடுத்த தழும்பில்தான் இந்த ஹெர்னியா. எழுந்து நின்றால் குடல் பந்து மாதிரி தள்ளிக்கொண்டு வரும். பாரம் தூக்கியிருப்பாய் என்று எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். நாத்தனார் பாடினாள், கணவன் பாடினான். குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மகராசன், அவளுக்குப் பாரத்தைப் பற்றிப் பாடம் எடுத்தான். பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிய அந்த ஆறு மாதத்தில் அவள் தூக்கிய பெரிய பாரம், பள்ளிக்கூட அலுவலகத்தின் வருகைப் பதிவேடு.

டாக்டர் விடுவதாக இல்லை. தையலுக்கும் தையலுக்கும் நடுவில் விரலே போகிறதாம். இவனுக்கெல்லாம் யார் பாஸ் போட்டது என்று கேட்டார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

காகிதம் புரளும் சத்தம். பிறகு நர்ஸின் தாழ்ந்த குரல்.

“பழைய ஃபைல்ல உங்க கையெழுத்துதான் சார் இருக்கு.”

அது அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கும் இதே ஆள்தான். இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றை அமுக்கிப் பார்த்தபோதும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த மேதை இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

“பேஷன்ட் சொல்பேச்சு கேக்காம பாரம் தூக்கியிருக்கு. அப்படியே எழுதிக்குங்க.”

தூ என்று இருந்தது அவளுக்கு. வெளியே உட்கார்ந்திருக்கும் கணவன் அந்தக் காகிதத்தைத்தான் ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவான். பொய் என்று கத்த, வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

இந்தப் பக்கம் ஒரு தலை விழித்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். துணிக்கு மேலே ஒரு முகமூடி எட்டிப் பார்த்தது.

அவள் சட்டென்று கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, தூங்குகிறவள் போல மூச்சு விட்டாள்.

வயிறு இன்னும் திறந்துதான் கிடந்தது. தைக்கப்போவதும் அதே கைதான்.