வருஷத்துக்கு ஒரு போன்

போன் அலறியது.

ஊருக்கு அது சாதாரணமாகத்தான் அடித்திருக்கும். அவள் காதுக்குத் தீயணைப்பு வண்டி.

எடுப்பதற்குள் கணவர் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். வருஷத்துக்கு ஒருதரம் வருகிற கச்சேரி, தனியாகக் கேட்டால் பாவமில்லையா? பக்கத்து வீட்டு சொர்ணம் கையில் கரண்டியோடு ஓடிவந்து நடுக்கூடத்தில் சம்மணம் போட்டாள். அவள் அடுப்பில் என்ன கருகியதோ, அது அடுப்பின் தலையெழுத்து.

"அம்மா, பெனினா பேசுறேன். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவுலேருந்து. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்ளா. இப்பதான் ஒரு யானையைக் குளிப்பாட்டிக் கட்டிட்டு வாரேன்."

சொர்ணம் சுருண்டு விழுந்து சிரித்தாள்.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். எழும்போது நடுமுதுகில், எலும்புக்குள்ளே, யாரோ ஆணி வைத்துத் திருகுகிறார்கள். ஆடி பிறந்ததிலிருந்து.

யாரிடமும் சொல்லவில்லை.

பெனினாவின் கேள்விகள் அவளுக்கு மனப்பாடம். பசி. தூக்கம். மூச்சு. அப்புறம் எலும்பு.

மார்பிலிருந்து எடுத்த கட்டியைச் சோதித்துவிட்டு டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். மருந்து பிடித்துக்கொள்ளக் கட்டியில் மூன்று கைப்பிடிகள் இருக்குமாம். அவள் கட்டியில் ஒன்றுகூட இல்லை. கைப்பிடி இல்லாத கட்டி திரும்பி வருகிற ரகம். வந்தால் எலும்புக்கும் வரும்.

அந்த ரகக் கட்டிக்காரிகளை எல்லாம் ஒன்று சேர்த்து, புதுமருந்து ஏற்றி, உயிரோடு இருக்கிறார்களா என்று வருஷாவருஷம் விசாரிக்கிறார்கள்.

போன தடவை பெனினா வாய்தவறிச் சொன்னாள், "உங்க குரலைக் கேட்டாத்தாம்மா டாக்டருக்கே இந்த மருந்து மேல நம்பிக்கை வருது."

போதாதா? பாளையங்கோட்டை மார்க்கெட் முழுக்கச் செய்தி பரவியது. 'என்னைய வச்சுத்தான் உலகத்துக்கே மருந்து காய்ச்சுதாவ.' கத்தரிக்காய்க்காரி எழுந்து நின்று கும்பிட்டாளாம்.

"பசி எப்படிம்மா?"

"நேத்து ஒரு அண்டா பிரியாணி. அண்டாவைத்தான் பாவம்னு விட்டேன்."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் டக்டக்கென்று தட்டும் சத்தம். பெனினாவுக்கு இந்த பாஷை பழகிவிட்டது. அண்டா என்றால் 'பசி நன்றாக உள்ளது.'

"தூக்கம்?"

"நான் விட்ட குறட்டையில தாமிரவருணி திரும்பி மலைக்கே போயிட்டாம். வேணும்னா அவுகளைக் கேளு."

"ஆமாமா, நான் பாத்தேன்," என்றார் கணவர். வீட்டில் அவருக்கு அந்த அளவுதான் வேஷம். அதைப் பிரமாதமாகச் செய்வார்.

"மூச்சு வாங்குதா?"

"ஊதுனேன்னா ஒங்க ஆஸ்பத்திரிக் கூரை பறக்கும்."

டக்டக்.

அடுத்தது எலும்பு.

இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒன்றும் ஆகாது. இந்தக் கூடம் இப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். சொர்ணம் கருகியதைச் சுரண்டப் போவாள். ஸ்கேன் குழாய்க்குள் போய் மல்லாந்து கிடக்க வேண்டாம்.

ஆனால் அளப்பது வேறு, பொய் வேறு. இந்த விஷயத்தில் அவள் கறார்.

யானையை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றப் போவதில்லை. 'வலி இல்லை' என்றால் ஏற்றிவிடுவார்கள். அதை நம்பி, எங்கேயோ, கைப்பிடி இல்லாத கட்டியோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு இதே மருந்தைக் கொடுப்பார்கள்.

"எலும்பு வலி, முதுகு வலி?"

சொர்ணம் முன்னால் நகர்ந்தாள். பெரிய சரக்கு இதற்குத்தான் வரும். 'அம்மிக்கல்லைத் தலைக்கு வச்சுப் படுக்கேன், அம்மிக்குத்தான் வலி' என்று போன வருஷம் சொன்னது இன்னும் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"வலிக்கி," என்றாள்.

கூடம் சிரிப்பில் வெடித்தது.

சொர்ணம் கரண்டியால் தரையை அடித்தாள். அவள் உட்காராத நாற்காலியில் கணவர் பின்னால் சாய்ந்ததில் அது கிறீச்சிட்டது. போனுக்குள் பெனினாவும் சிரித்தாள்; அவளுக்கும் வருஷத்துக்கு ஒருதரம்தான் இப்படி.

"எவ்வளவும்மா? பொதிகை மலை அளவுக்கா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம்போல."

குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் கடலையே கரைத்துவிட்டதாகச் சொல்லுகிறவள். இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அந்த வீடு கேட்டதில்லை.

டக்டக் நின்றது.

சொர்ணத்தின் கரண்டி பாதியில் நின்றது.

"அம்மா..." பெனினாவின் குரல் வேறாக இருந்தது. "எந்த இடத்துலம்மா?"

கணவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு ஆரம்பித்தால் லேசில் அடங்காது. கண்ணில் நீர் வழிய, தொடையைத் தட்டி, "பொதிகை மலை... பொதிகை மலை..." என்று திணறிக்கொண்டு. அவள் சொன்னது அந்தச் சத்தத்துக்குள் எங்கோ விழுந்திருந்தது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

ஸ்பீக்கரை அணைக்க விரலைக் கொண்டுபோனாள். அணைக்கவில்லை.

அவர் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள்.