பிறவிக் குற்றம்

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைச்சுப்போடலாம். பூனைக்கண்ணைக் கோவணத்துணியில மறைக்க முடியுமா, கந்தப்பண்ணா?"

செங்கோட்டையன் கேட்டதும் நாமகிரிப்பேட்டைச் சந்தைத் திடலே சிரித்தது. சர்க்கார் குதிரைக் கண்காட்சிக்குப் பதினோரு குதிரைகள் வரிசையில் நின்றன. அதில் கந்தப்பனின் பெட்டைக் குதிரை பவளத்துக்கு மட்டும் இடது கண்ணை மூடித் துணி கட்டியிருந்தது.

"ஈ மொய்க்குது, தம்பி" என்றார் கந்தப்பன்.

அது பொய்யில்லை. ஈ மொய்க்கத்தான் செய்தது. ஆனால் திறந்திருந்த வலது கண்ணில் ஒன்றுகூட உட்காரவில்லை. எல்லாம் துணியின் மேல்தான்.

"ஏனுங்ணா, போன வருசம் இந்த ஊர்ல ஈ இல்லீங்களாக்கும்?" என்று செங்கோட்டையன் பவளத்தின் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். சாட்டையடி பட்டதுபோல் அது துள்ளி விலகியது.

"தொடாதே!" என்று கந்தப்பன் கத்தினார். "பாரு, குதிரைக்கும் ரோசம்!" என்று அதற்கும் சிரித்தார்கள்.

போன வருடம் இதே திடலில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. பவளத்துக்கு வலது கண் கறுப்பு. இடது கண் காவிரித் தண்ணீர்போல் வெளிர் நீலம். அன்று வந்த மாட்டு டாக்டர் நடை பார்த்தார், பல் பார்த்தார், சுழி பார்த்தார். எல்லாம் சுத்தம். கடைசியில் கண்ணைப் பார்த்தார். தள்ளுபடி என்று நோட்டில் எழுதினார்.

செங்கோட்டையன் குதிரைக்கோ ஒரு கண்ணில் பார்வையே கிடையாது. அதற்கு இரண்டாம் பரிசு, மன்னர் தலை போட்ட பதக்கம்.

"பொட்டைக்கண்ணுக்குப் பரிசு, பாக்கற கண்ணுக்குத் தள்ளுபடியா? இதென்ன ஞாயமுங்க?" என்று கந்தப்பன் கேட்டார்.

"அது முள் குத்திப் போன கண்ணு. விபத்துக்குக் குதிரை என்ன பண்ணும்? இது பிறவிக் குற்றம்" என்று டாக்டர் நோட்டை மூடிவிட்டார். நோட்டை மூடிவிட்டால் அப்புறம் ஏழைச்சொல் எங்கே ஏறும்?

அந்த வருடம் மழை பொய்த்தது. கிணறுகள் தரை தட்டின. வானத்தைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது, குதிரையைக் கேட்கலாம். சர்க்காரே குற்றம் என்று எழுதிய கண்ணாயிற்றே! ஊர்க்கூட்டம் முடிவு கட்டியது.

"இந்தத் தடவை சர்க்கார் சீட்டோட வந்தா ஊருக்குள்ள இருக்கட்டும். இல்லாட்டிப் பள்ளிபாளையத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் தாட்டி உட்டுப்போட்டு வந்துரு."

தாய்க்குதிரை செத்த அன்று பிறந்த குட்டி அது. கந்தப்பனும் அவர் மனைவி பாவாயியும் ஆட்டுப்பால் ஊற்றி வளர்த்தார்கள். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

இந்த வருடம் வந்திருந்தவர் சுவாமிநாதன் என்கிற புது டாக்டர். எல்லாக் குதிரைகளையும் ஒரு சுற்று நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தவர், செங்கோட்டையன் குதிரையின் முகத்துக்குப் பக்கவாட்டில் கையை ஆட்டினார். அது இமைக்கவில்லை.

"இதுக்குப் பார்வை இல்லை. வெளியே கொண்டுபோங்க."

"சாமி, முள்ளுக் குத்துனதுங்க! போன வருசம் பதக்கமே குடுத்தாங்களே!"

"எப்படிப் போனா என்னய்யா? ஒரு பக்கம் தெரியாத குதிரைக்கு எப்படிப் பரிசு கொடுக்கிறது?"

கூட்டம் இப்போது செங்கோட்டையனைப் பார்த்துச் சிரித்தது. கந்தப்பன் சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பவளத்தைத் திருப்பினார்.

"நான் போயிட்டு வாரேனுங்க."

"பெரியவரே, நில்லுங்க. இதுதானே பவளம்?" டாக்டர் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டே கிட்டே வந்தார். "போன வருஷம் எழுதினதைப் படிச்சேன். கண்ணு நீலமா இருந்தா குதிரை ஓடாதா, இல்லை வண்டி இழுக்காதா? மேலே எழுதிப் போட்டேன். அந்த விதியையே எடுத்துட்டாங்க. எந்த நிறமா வேணா இருக்கட்டும், கண்ணு தெரிஞ்சாப் போதும்."

கந்தப்பன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"அப்ப மொதப் பரிசு கந்தப்பண்ணனுக்குத்தானுங்களா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நடையிலே இதுக்கு ஈடு இந்தத் திடல்லயே இல்லை. கண்ணை ஒரு தடவை பார்த்துட்டாச் சீட்டை எழுதிடுவேன். இனிமே எதுக்குப் பெரியவரே மறைக்கணும்? அவிழுங்க துணியை."

கந்தப்பனின் கை மேலே எழவில்லை. டாக்டரே சிரித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். ஈக்கள் குப்பென்று எழுந்தன.

நீலம் இருந்த இடத்தில் சீழும் ரத்தமும்தான் இருந்தன. டாக்டர் ஓரடி பின்வாங்கினார்.

"அடடா! முள் குத்திடுச்சா?"

கந்தப்பன் பவளத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"அப்படிச் சொல்லலாம்னுதானுங்க சாமி வந்தேன்."