எதையும் மறக்கலையே?

"இந்தக் கயித்தால கையக் கட்டிட்டா, தானா அவுத்துக்க முடியுமா அண்ணே?"

கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்த கடைக்காரர் சிரித்துவிட்டார். "கூடாரம் கட்டத்தாம்மா கயிறு. கைய எதுக்குக் கட்டணும்?"

எதிரே நின்ற பல் டாக்டரின் மனைவி சிரிக்கவில்லை. கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள்.

மலைக்கும் காட்டுக்கும் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு வேண்டிய அத்தனையும் அந்தக் கடையில் கிடைக்கும். கடைக்காரருக்கு 'மறக்கலையே அண்ணன்' என்று பட்டப்பெயர். சாமான் வாங்கியவர்கள் பின்னாலேயே வாசல்வரை வந்து, "எதையும் மறக்கலையே?" என்று கேட்காமல் விடமாட்டார். தீப்பெட்டி வாங்கினால், அது நனையாமலிருக்க டப்பாவும் தலையில் கட்டிவிடுவார்.

நாளைக் காலையில் டாக்டரும் மனைவியும் மலைக்குக் கிளம்புகிறார்கள். டாக்டர் போனில் சொன்ன சாமான்கள் மூட்டையாகத் தயாராகிக்கொண்டிருந்தன. அவர் மறந்துவிட்டார் என்று, உள்ளே நுழைந்து படுக்கிற தூங்கும் பை இன்னொன்றையும் கடைக்காரர் தாமாகவே சேர்த்து வைத்திருந்தார்.

"ஐயா எல்லாம் சொல்லிட்டாரும்மா. நீங்க எதுக்கு இந்த மழையில?"

"அவருக்கு வேணுங்கறத அவர் சொல்லியிருப்பார். எனக்கு வேணுங்கறத நான்தானே பாத்துக்கணும்?" அவள் கூடாரத்தின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள். "இத வெளியிலேர்ந்து பூட்டிட்டா, உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

"எலி மாதிரி மாட்டிக்க வேண்டியதுதான். துணி அவ்வளவு கெட்டி."

"கத்தினா?"

"அந்த மலையிலயா? கரடி வேணா என்னன்னு கேக்கும்."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். ரத்தமே இல்லை. கண்கள் அடிக்கொரு தரம் வாசலுக்கு ஓடின.

"மேல ஒரு பாறை இருக்காமே அண்ணே. அங்கேர்ந்து விழுந்தா, கால் வழுக்கிடுச்சுன்னுதானே எல்லாரும் நினைப்பாங்க?"

கடைக்காரர் மடித்துக்கொண்டிருந்த துணி தானாகப் பிரிந்து சரிந்தது.

அவள் பக்கத்துச் சட்டத்தில் தொங்கிய சில்லறைச் சாமான்களைத் துழாவி எதையோ எடுத்தாள். பிறகு ஒரு சின்ன மடக்குக் கத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இப்படி வெச்சிருந்தா வெளியில தெரியாதுல்ல?"

"அது... அது இல்லம்மா. வித்துப் போச்சு."

கையில் இருக்கிற கத்தியை இல்லை என்கிறவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"நான் வந்தேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணே. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அவள் படியிறங்கிப் போனாள். கடை திறந்த நாளிலிருந்து முதல் தடவையாக, "எதையும் மறக்கலையே?" என்று அவர் கேட்கவில்லை.

கடைக்காரர் சரிந்த துணியை மடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தங்கமான மனுஷனுக்கா இந்தக் கதி? என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதுகூட, "பயப்படாதீங்க, வலிக்காது" என்று தாலாட்டுகிற மாதிரி சொல்லிச் சொல்லியே பிடுங்கியவர் ஆயிற்றே! சொல்லவா, வேண்டாமா? சொன்னால் ஒரு குடும்பம் உடையும். சொல்லாவிட்டால் ஒரு உயிர் போகும்.

சாயங்காலம் டாக்டர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்ததும், கடைக்காரர் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார். "போகாதீங்க ஐயா. அம்மா உங்கள ஏதோ பண்ணப் பாக்கறாங்க. கயிறுங்கறாங்க, பூட்டுங்கறாங்க..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"பாறையப் பத்திக்கூடவா கேட்டா?"

"ஆமாய்யா! விழுந்தா வழுக்கிடுச்சுன்னு நினைப்பாங்களான்னு கேட்டாங்க."

"நல்ல வேளை சொன்னீங்க. இல்லன்னா நாளைக்குத்தானேன்னு நான் மெத்தனமா இருந்திருப்பேன்."

"அப்போ பயணம் வேண்டாம்தானே?"

"போறோமே. இன்னைக்கே கிளம்பிடறோம்." டாக்டர் அவர் தோளைத் தட்டினார். "நீங்க பயப்படாதீங்க."

அதே தாலாட்டுக் குரல். கடைக்காரருக்குக் கடவாயில், பல் இல்லாத இடத்தில், சுரீர் என்றது.

டாக்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். பின்னாலேயே போன கடைக்காரரின் வாயிலிருந்து பழக்க தோஷத்தில் வந்துவிட்டது: "எதையும்... மறக்கலையே?"

டாக்டர் நின்று மூட்டையைப் பார்த்தார். ஒரு பையை உருவி அவர் கையில் கொடுத்தார்.

"தூங்கற பை ரெண்டு வெச்சிருக்கீங்களே அண்ணே. நான் மறக்கல. ஒண்ணுதான் சொன்னேன்."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கடைக்காரர் ஓடிவந்து வாசலில் நின்றபோது தெருவில் மழை மட்டும் இருந்தது.

திரும்பி உள்ளே வந்தார். அவள் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்த கயிறு மேஜைமேல் அப்படியே கிடந்தது. அதன் சுருளுக்குள், அவள் கத்திக்கு முன்னால் எடுத்த சாமான் கிடந்தது. மலையில் ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உதவிக்கு ஊதுகிற விசில்.

'கையக் கட்டிட்டா' என்றாளே தவிர, யார் கையை என்று அவள் சொல்லவே இல்லை. மறக்கலையே அண்ணன் அதைக் கேட்க மறந்திருந்தார்.