மூடி போட்ட டப்பா

"பிள்ளைய முதல்ல அவருகிட்டேருந்து வாங்கு, அஜீசா. மத்ததெல்லாம் பெறவு சொல்லுதேன்."

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நர்ஸ் சுகிர்தம் இப்படிச் சொன்னதும் அஜீசாவுக்குச் சிரிப்புதான் வந்தது. 'நோய் இல்லை' என்று எழுதிய சீட்டோடு நர்ஸம்மா வருவார் என்று அவள் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். புருஷன் ரஷீதுக்குத் துறைமுகத்தில் கரி மூட்டை தூக்கும் வேலை. இரண்டு மாதமாக விடாத இருமல். இந்த வாரத்துக்குள் டாக்டர் சீட்டு காட்டாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்கும்மா? வேல வுட்டு வந்து இப்பதான் தூக்கினாரு" என்றபடி ஆறு மாதக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் அஜீசா. "சீட்டு கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்திருக்கேன். டி.பி.ன்னு எழுதியிருக்கு."

ராயபுரத்தின் அந்த ஒற்றை அறை வீட்டில் கரி படிந்த சட்டையோடு நின்றிருந்த ரஷீது சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அந்த டப்பாவுலயா கீதுன்னாங்க?" என்று நர்ஸை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"அந்த டப்பாவுலதான். மூணு நாள் காலையில நானே வந்து சளி டப்பாவ வாங்கிட்டுப் போனேன்லா? மூணுலயும் கிருமி இருக்கு."

"நல்லா பாத்தாங்களாம்மா? வேற யாரோடதாவது மாறிப் பூட்டிருக்கும்" என்றாள் அஜீசா.

இப்படிக் கேட்காத வீட்டைச் சுகிர்தம் இன்றுவரை பார்த்ததில்லை. தெற்கே நாசரேத்திலிருந்து வந்து, டி.பி. ஆஸ்பத்திரி வேலையாக இந்தச் சந்துகளில் நடக்க ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. லேபரட்டரிக்காரன்மேல் பழி போட்டவர்கள் உண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணேறு என்றவர்களும் உண்டு. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது பயம்தான் வருகிறது.

"போன ஆடியில ரெண்டு சந்து தள்ளி ஒரு வீட்டுல இப்படித்தான் நம்ப மாட்டோம்னாங்க. அப்பன் இருமின இருமல், மடியில கெடந்த பிள்ளைக்கு மூளைக் காய்ச்சலாப் போச்சு. ஒம்பது நாள்தான் இருந்துச்சு. எங் கையிலதான் உசுரு போச்சு. அதனாலதான் சொல்லுதேன், கேளுங்க."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து மூடி போட்ட தகர டப்பா ஒன்றை எடுத்து, அதில் கொஞ்சம் பினாயிலை ஊற்றி ரஷீதின் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப நல்ல மருந்து வந்திருக்கு. தினம் ஊசி, மாத்திரை. ஒரு வருஷம் விடாம எடுத்தா சரியாயிரும். ஆனா இருமுதப்ப துணியால வாயப் பொத்தணும். துப்புதது இந்த டப்பாவுலதான், துப்பின கையோட மூடிரணும். தட்டு, தம்ளர் தனி. பாய் ஜன்னலோரம். பிள்ளை கிட்டவே வரக்கூடாது. அஜீசா, நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாளைக்கே திருவொத்தியூர்ல உங்கம்மா வீட்டுக்குப் போயிரு."

ரஷீது பொண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "புள்ளய மட்டும் அனுப்பினா போதாதா நர்ஸம்மா?"

"பால் குடிக்குத பிள்ளைய தாய் இல்லாம எப்படி அனுப்ப? உனக்கு ஆக்கிப் போட ஆள் வேணும்னு பாக்குதியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தோமே, இவ்வளவுதானா என்று சுகிர்தத்துக்குச் சுருக்கென்றது.

பசியில் குழந்தை அஜீசாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து அழுதது. அவள் அதன் கையை விலக்கிவிட்டாள்.

"பசிக்குது போல. குடேன்."

"அப்பால குடுக்கறேம்மா."

சுகிர்தம் ஆறுதலாக அவள் கையைப் பிடித்தாள். "என்ன, கை இப்படிச் சுடுது?"

"பால் கட்டிகினு கீதும்மா. சாய்ந்தரமானா கொஞ்ச நாளா இப்டித்தான்."

"பயப்படாத. வேளையோட கண்டுபிடிச்சிட்டோம். பிள்ளைய மட்டும் காப்பாத்திரலாம், என்ன?"

அஜீசா கையை உருவிக்கொண்டாள்.

அப்போது ரஷீதுக்கு இருமல் வந்தது. அடி வயிற்றிலிருந்து இழுத்து இழுத்து இருமினான். சொன்னபடியே துணியால் வாயைப் பொத்தி, டப்பாவை எடுத்துத் துப்பினான். கை நழுவி மூடி கீழே விழுந்தது. அதை எடுத்து மூடுவதற்காகக் குனிந்த சுகிர்தம் அப்படியே நின்றுவிட்டாள்.

டப்பாவில் சளி கன்னங்கரேலென்று கிடந்தது. நாள் முழுக்கக் கரி மூட்டைக்கு நடுவில் மூச்சு விடுகிறவன் துப்பினால் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அவள் தன் கையால் வாங்கிப் போன மூன்று டப்பாவிலும் சளி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுக் கரி இல்லை.

"ரஷீது தம்பி" என்றாள். "அந்த மூணு டப்பாவுலயும் துப்புனது யாரு?"

"சீட்டு வரலேன்னா வேல பூடுமேன்னு பயந்துட்டோம்மா" என்று ரஷீது முகத்தில் அறைந்துகொண்டு அழுதான். "இவளுக்கு வெறும் ஜலுப்புதானேன்னு நெனச்சோம்மா."

அஜீசா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அழுகிற குழந்தையைக் கை நீட்டி அவனிடமே கொடுத்தாள்.