லடாக் போன வேன்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியன் சொந்த வேனில் லடாக் போவதாக அறிவித்து, கிளம்பும் முன்பே அரியலூரில் பாராட்டு விழாவும் நடத்திப் பொன்னாடை போர்த்திக்கொண்டார். வேன் பெரம்பலூர் பட்டறையில் நின்றது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டியெல்லாம் பொருத்தியாயிற்று. இன்ஜின் இன்னும் தரையில் கிடந்தது.

திங்களன்று, வேன் ஜம்மு சுங்கச்சாவடியைக் கடந்ததாக அவர் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. புதன்கிழமை நாக்பூர்.

"சார், வண்டிக்கு இன்னும் சக்கரமே மாட்டல," என்றார் மெக்கானிக் நஜீமுதீன்.

வெள்ளிக்கிழமை சேலம்.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. மனைவி சாந்தா எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு, சிவசுப்பிரமணியனிடம் மரியாதையாகச் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு லடாக் போயிட்டு வந்துட்டாருங்க. நீங்க இன்னொரு நாள் வாங்க."