பதினொரு எம்.பி.

“தம்பி, இன்னைக்கு வீடியோ பதினொரு எம்.பி. காட்டுது. பத்துக்கு மேல போனா மருத்துவமனை இணையதளம் ஏத்துக்காதுப்பா!”

போனின் மறுமுனையில் கொழுந்தன். ஸ்டுடியோவில் வீடியோக்களைச் சுருக்குவதுதான் அவன் பிழைப்பு. வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘கஞ்சன்’.

“பதறாதீங்க அண்ணி. வீடியோவைச் சுருக்க நான் எழுதிக் கொடுத்த கட்டளையில கை வச்சீங்களா?”

“ஒரு புள்ளியைக்கூடத் தொடல. தினமும் போலக் கம்ப்யூட்டரோட கறுப்புத் திரையில ஒட்டி என்டர் தட்டினேன். உங்க அண்ணன் அறையில எடுக்கிற ஒரு மணி நேர வீடியோ, எப்பவும் நாலு எம்.பி.தான் வரும்.”

கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. பன்னிரண்டுக்கு டாக்டர்கள் கூடுகிறார்கள். அவள் கணவருக்கு வைத்தியத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று இன்று முடிவு.

“சரி, அளவை நாமளே கட்டிப்போட்டுடலாம். ஒன்பது எம்.பி.யை மூவாயிரத்து அறுநூறு நொடிக்குப் பங்கு போட்டு, நொடிக்கு இவ்வளவுதான்னு கட்டளையில சொல்லிட்டா அடங்கிடும். என்ன, படம் கொஞ்சம் மங்கும்.”

“மங்கட்டும். அதுல பார்க்க என்ன இருக்கு?”

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. முதல் வாரத்துக்கு அப்புறம் எந்த வீடியோவையும் அவள் திறந்து பார்த்ததில்லை. மனசு தாங்கவில்லை. சுருக்குவாள், அனுப்புவாள், அவ்வளவுதான்.



“இருக்கியா? கஞ்சன் பேச்சையும் சுருக்கிட்டானா?”

“அண்ணி... கேமராவை நகர்த்தினீங்களா?”

“இல்லையே. சுவத்துல ஆணி அடிச்சு மாட்டினது.”

“ஜன்னல்? ஃபேன்?”

“ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தித்தான் எடுத்தேன்.”

“உள்ள யாராவது போனாங்களா?”

“அந்த ஒரு மணி நேரம் யாரும் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே. ஏன்பா இப்படிக் குடையுற? நேரமாகுது, கணக்கைச் சொல்லு.”

“அந்தக் கட்டளை, மாறாத படத்துக்கு இடமே ஒதுக்காது அண்ணி. ஏதாவது அசைஞ்சாத்தான் கோப்பு வீங்கும். சுருக்காதீங்க. மொதல்ல திறந்து பாருங்க.”

அவள் விரல் விசைமேல் அப்படியே நின்றது.

அந்த அறையில் ஒரு கட்டில் உண்டு, ஒரு நாற்காலி உண்டு. நாற்பது நாளாக அவற்றைப் போலவே அசையாமல் கிடக்கும் அவள் கணவர் உண்டு.